‘நம்மில் ஒருவர்’ ஏலத்தில் எடுத்த கேக்

அந்தத் தேர்தலில் வென்டல் கிரேடிதான் ஜெயித்தான். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுவது நல்லது. கடைசியில் நியாயம் ஜெயிக்கும் என்று காத்திருந்துவிட்டு அப்புறம் யாரும் என்மேல் பாயக் கூடாது. மாநில செனட்டுக்குப் போனான், புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டான், எல்லாம் நடந்தது. ஆனால் ஜார்ஜியாவின் எங்கள் டால்பர்ட் மாவட்டத்தில் இன்றைக்கும் அவன் பேச்சை எடுத்தால், அவனுக்கு ஓட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள்கூட முதலில் சொல்வது அந்தக் கேக் விவகாரத்தைத்தான்.

கேக் மிஸ் ஓசெல்லா மேப்ரி செய்தது. கல்யாணமானவரையும் மரியாதைக்கு ‘மிஸ்’ என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அவருடைய அப்பா அடுத்தவன் நிலத்தில் பருத்தி எடுத்துப் பாதிக்குப் பாதி பங்கு கொடுத்தவர். இவர் சின்ன வயதிலேயே நகரத்துக்கு வந்து, கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அரசாங்கம் அந்தப் பள்ளியை மூடி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கட்டடத்தில் போட்டது. மிஸ் ஓசெல்லாவும் கரண்டியோடு அங்கே போனார். முதல் நாள் ஒரு வெள்ளைக்காரத் தாய் சமையலறை வாசலில் வந்து நின்று, “என் பிள்ளை சாப்பாட்டுல உன் கை படக் கூடாது” என்றாளாம். “அப்ப பன் எல்லாம் தானா பறந்து தட்டுல விழுமா? இருந்து பாத்துட்டுப் போங்க” என்றாராம் இவர். அந்தப் பிள்ளை அன்றைக்கு மூன்று பன் வாங்கித் தின்றது தனிக் கதை.

வாய் அப்படி. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனபோது, நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த குமாஸ்தா நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று இழுத்தடித்தான். இவர் ஒருநாள் பின்னல் வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். ஸ்வெட்டரின் ஒரு கை முடிவதற்குள் பெயர் ஏறிவிட்டது. கணவர் லானி மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர், இறந்துபோனார். பிள்ளைகள் அட்லாண்டாவில். வீடு, பழைய கார், மவுண்ட் நீபோ தேவாலயச் சபையில் முன்வரிசை இருக்கை, இவை போக மிஸ் ஓசெல்லாவிடம் இருந்த சொத்து நல்ல பெயர்தான். யாரிடமும் கை நீட்டாதவர் என்ற பெயர். அதில்தான் கிரேடி கை வைத்தான்.

அது தொண்ணூறாம் வருடம். பள்ளி திறந்த முதல் வாரம். சமையலறையில் கூட வேலை செய்கிற டார்லீன் என்ற வெள்ளைக்காரப் பெண், வீட்டிலிருந்து கொண்டுவந்த தக்காளியை ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். காகிதம் பிரிந்தபோது மிஸ் ஓசெல்லா தன் முகத்தையே பார்த்தார்.

வழவழப்பான தேர்தல் நோட்டீஸ். வரிசையில் நிற்கும் மிஸ் ஓசெல்லா. தலையில் அவருடைய நீலத் தொப்பி, இறகு வைத்தது. முகத்தை மட்டும் அச்சில் இன்னும் இருட்டாக்கியிருந்தார்கள். கண் இருக்கிற இடமே தெரியவில்லை. படத்துக்கு மேலே, ‘இவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பணம் கட்டுவது யார்?’ கீழே கொட்டை எழுத்தில், ‘வென்டல் கிரேடி. நம்மில் ஒருவர்.’

“இது எங்க வந்துச்சு?” என்றார்.

“தபால்ல. எல்லாருக்கும் வந்துச்சே” என்றாள் டார்லீன்.

“எனக்கு வரலையே.”

வராது. ரயில் பாதைக்கு எங்கள் பக்கம், கறுப்பர்கள் குடியிருக்கிற பக்கம், ஒரு தபால் பெட்டிக்கும் அது வரவில்லை. யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் போயிருந்தது.

“டார்லீன், இது கார் வரி கட்டுற வரிசை. சாவு வீட்டுலேருந்து நேரா வந்தேன், அதான் தொப்பி. நீ எனக்கு முன்னால நின்னே. உன் மஞ்சச் சட்டைக் கை இதோ ஓரத்துல இருக்கு பாரு. உன்னை வெட்டிட்டாங்க, என்னை வெச்சுக்கிட்டாங்க.”

டார்லீன் பார்த்தாள். அவள் முகம் வெளிறிப் போயிற்று. “என் கைதான். ஆனா என்னை இதுல இழுத்துவிடாத ஓசெல்லா. என் வீட்டுக்காரர் வண்டியில கிரேடி கொடியைக் கட்டிக்கிட்டுத் திரியறார். அதுவும் போக, இதுல எங்க நிறத்தைப் பத்தி எழுதியிருக்கு? ஒரு வார்த்தை இல்லையே.”

அந்தச் சூழ்ச்சியே அதுதானே! ஒரு வார்த்தை எழுதாமல் எல்லாவற்றையும் எழுதுவது. கறுப்புப் பெண் அரசாங்க உதவிப் பணத்துக்கு நிற்கிறாள், போவது நம் வரிப் பணம் என்று மிச்சத்தைப் படிக்கிறவன் மனசுக்குள் அவனே எழுதிக்கொள்வான். கேட்டால், ‘நானா? நான் எங்கே சொன்னேன்?’ என்று கையை விரிக்கலாம். முன்பெல்லாம் வாய்விட்டுத் திட்டினார்கள், திருப்பிக் கொடுக்கவாவது வழி இருந்தது. இப்போது சிரித்துக்கொண்டே திட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எனக்கு வயிறெரிகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

மறுநாள் கிரேடியின் தேர்தல் அலுவலகத்துக்குப் போனார். கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆள், தலைநகரத்திலிருந்து வந்தவன், நாற்காலி போட்டு உட்காரவைத்து குளிர்ந்த தேநீர் கொடுத்தான்.

“அம்மா, அது யாரோ ஒருத்தரைப் பத்தின படம் இல்லைங்க. பொதுவா ஒரு வரிசை. அரசாங்கச் செலவைப் பத்தினது.”

“ஒருத்தரைப் பத்தி இல்லைன்னா, நான் எதுக்கு அதுல இருக்கேன்?”

“நீங்கதான்னு நீங்க சொல்லித்தானே தெரியுது? பேரு போடலையே நாங்க!”

தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டுக்குப் போகவில்லை. தோழி வெர்டெலின் முடி அலங்காரக் கடைக்குப் போய், காலியாக இருந்த முடி உலர்த்தும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சபைப் பாஸ்டர் டில்மனும் அங்கே வந்து சேர்ந்தார். ஊர்ச் செய்தி வேண்டுமானால் பாஸ்டருக்கும் அந்தக் கடைதான்.

“விட்டுத் தள்ளுடி,” என்றாள் வெர்டெல். “பள்ளிக்கூடக் குழுத் தலைவர் கிரேடியோட மச்சான். நீ ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலந்தான் இருக்கு. வேலைக்கு உலை வெச்சுக்காத.”

“நாளைக்குச் சபையில ஒருத்தி என்னை அந்தப் படத்தோட சேர்த்து நினைச்சுட்டா? என் பிள்ளைங்க பார்த்துட்டா? வேலை போனா வேற அடுப்பு இருக்கு. பேரு போனா எங்கடி போய் வாங்குறது?”

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். “மிஸ் ஓசெல்லா, ஒரு வழி இருக்கு. இந்த வருஷம் தீயணைப்பு நிலையத்து ஏலத்துக்கு உங்க கேரமல் கேக்கை அனுப்பாதீங்க. அதுவே நல்ல கண்டனம்.”

“கேரமல் கேக் இல்லாம அவனுக்குப் பைத்தியமே பிடிச்சுடும்,” என்று வெர்டெல் சிரித்தாள். “அதை இந்தத் தடவை நான்தான் எடுப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறானாம்.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செப்டம்பர் தொடக்கத்தில், எங்கள் நாட்டு உழைப்பாளர் விடுமுறையை ஒட்டிய சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்துக்கு நிதி சேர்க்கக் கேக் ஏலம் நடக்கும். வேட்பாளர்கள் எல்லாரும் வந்து கேட்டாக வேண்டும், வராதவன் அவ்வளவுதான். கேரமல் கேக்கை எடுத்தவன் ஜெயிப்பான் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. ஆனால் செய்தது யார் என்று ஏலம் முடியும்வரை சொல்ல மாட்டார்கள். பணக்காரனுக்குச் சோப்புப் போட அவன் பெண்டாட்டி செய்த கேக்குக்கு விலை ஏற்றுவார்கள் என்று வைத்த விதி. சுத்தியல் விழுந்த பிறகு செய்தவர் மேடைக்கு வருவார். வாங்கியவன் ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். அவர் முதல் துண்டை வெட்டிக் கொடுப்பார். அதோடு விற்பனை முடியும்.

மிஸ் ஓசெல்லா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு கேட்டார், “அனுப்பாம இருந்தா யாருக்குத் தெரியப் போகுது பாஸ்டர்? மேசையில ஒரு இடம் காலியா இருக்கும், அவ்வளவுதானே? நான் அனுப்புறேன்.”

வெர்டெல் வாயில் கை வைத்தாள். பாஸ்டர் கூரையைப் பார்த்து ஏதோ ஜெபித்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரும்புச் சட்டியில் சர்க்கரை உருகிற்று. கேரமல் பூச்சுக்குப் பொறுமையும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. ஒரு நொடி முந்தினால் ஓடும், ஒரு நொடி பிந்தினால் கல். அந்தப் புழுக்கத்தில் மிஸ் ஓசெல்லா மூன்று அடுக்குக்கும் கைபதறாமல் பூசினார். கோபத்தில் செய்ததால்தானோ என்னவோ, அவர் வாழ்நாளில் அதைவிட நல்ல கேக் அமைந்ததில்லை என்று வெர்டெல் சத்தியம் செய்கிறாள்.

சனிக்கிழமை நிலையத்து முற்றம் நிரம்பி வழிந்தது. பன்றி இறைச்சி புகையில் வெந்துகொண்டிருந்தது. ஏலம் விடுகிறவர் பக் டூலி, மாட்டுச் சந்தையில் கத்திக் கத்தித் தடித்த குரல். அவருக்கு வெள்ளையும் கறுப்பும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் விதி என்றால் விதி.

கேரமல் கேக் மேடை ஏறியதும் கிரேடி விடவில்லை. எதிர் வேட்பாளர் கேட்கக் கேட்க ஏற்றிக்கொண்டே போனான். சுத்தியல் விழுந்தது. கைதட்டல். அவன் மேடையில் தாவி ஏறி ஒலிபெருக்கியை வாங்கினான்.

“கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தக் கேக்கை நான் வாசனையில கண்டுபிடிச்சிருவேன்! சின்ன வயசுலேருந்து தின்ன கேக்கு இது! நம்ம ஊரு கேக்கு!”

“செஞ்சவங்க மேல வாங்க” என்றார் பக் டூலி.

மிஸ் ஓசெல்லா படியேறினார். நோட்டீசில் இருந்த அதே உடுப்பு, அதே நீலத் தொப்பி, அதே இறகு. கீழே நின்ற கழுத்துப்பட்டைக்காரன் பேயறைந்தது போல ஆனான். கூட்டத்தின் ஒரு பக்கம் மெல்ல முணுமுணுத்தது. நோட்டீசைப் பார்த்தவர்கள் அவர்கள்தானே! கிரேடி மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றான். சத்தியமாக அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. படிக்கிற காலத்தில் பள்ளியில் நாள் தவறாமல் தன் தட்டில் பீன்ஸ் வைத்த பெண்ணையும் தெரியவில்லை, தன் நோட்டீசில் தானே ஒப்புதல் கொடுத்து அச்சடித்த முகத்தையும் தெரியவில்லை.

ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். “அம்மா, உங்க பேரு என்ன?”

மிஸ் ஓசெல்லா அவன் கையோடு ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

“என் பேரு என்னன்னு கேக்குறாரு,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “என் மூஞ்சியை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தபால் பெட்டி விடாம அனுப்பியிருக்காரு. பேரு தெரியாதாம்!”

கைப்பையிலிருந்து நோட்டீசை எடுத்து உயரப் பிடித்தார். கிரேடி அப்போதுதான் பார்த்தான். காகிதத்தை, தொப்பியை, மறுபடி காகிதத்தை. முகத்தில் அசடு வழிந்தது.

“அது வந்து... பொதுவா ஒரு வரிசை, அம்மா.”

“பொதுவா இல்ல. வரி கட்டுற வரிசை. நானும் கட்டினேன். எனக்கு முன்னாலயும் பின்னாலயும் நின்னவங்களும் கட்டினாங்க. அவங்களை எல்லாம் கத்திரிச்சுட்டு என்னை மட்டும் வெச்சிருக்கே. சரி, அது போகட்டும். ‘நம்மில் ஒருவர்’னு போட்டிருக்கியே தம்பி, அந்த ‘நம்ம’ல நான் இருக்கேனா? இருக்கேன்னா இருக்கேன்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. நோட்டீசுல ஒளிச்சு வெச்சதை வாயைத் திறந்து சொல்லு, ஊரே கேக்கட்டும்.”

முற்றத்தில் கரி வெடிக்கிற சத்தம் கேட்டது. ஆமாம் என்றால் நோட்டீசைப் படித்து மகிழ்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். இல்லை என்றால் இத்தனை நாள் கட்டிக்காத்த வேஷம் கலையும். அவன் மறுபடி பல்லைக் காட்டினான்.

“இங்க நாம எல்லாரும் ஆண்டவனோட பிள்ளைங்கதானே, அம்மா...”

“ஆண்டவனை நான் நாளைக்குச் சபையில கேட்டுக்குறேன். இப்ப உன்னைக் கேட்டேன்.”

எங்கள் பக்கத்தில் யாரோ “சொல்லு!” என்று கத்தினார்கள். சிரிப்பு கிளம்பிற்று. அந்தப் பக்கத்திலும் சிலர் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கிரேடி பக் டூலியிடம் திரும்பினான். “அடுத்த கேக்கை விடுங்க.”

“இது இன்னும் முடியலையே. பேரைச் சொல்லி நன்றி சொல்லணும்.”

“நன்றிம்மா.”

“பேரு” என்றார் பக் டூலி.

கிரேடி கீழே தன் ஆளைப் பார்த்தான். அவன் தன் காலணியைப் பார்த்தான். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த பெயர், ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. “பணம் நிலையத்துக்கே இருக்கட்டும், கேக்கும் இருக்கட்டும்” என்று முனகிவிட்டு இறங்கி நடந்தான். கழுத்துப்பட்டைக்காரன் பின்னாலேயே ஓடினான்.

“ஓடாத, கேட்டுட்டுப் போ!” மிஸ் ஓசெல்லாவின் குரல் ஒலிபெருக்கியில் அவன் முதுகைத் துரத்தியது. “மிசஸ் ஓசெல்லா மேப்ரி. எழுதிக்கோ. அடுத்த தடவை என் படத்தைப் போட்டா அடியில பேரையும் போடு, எந்த வரிசைன்னும் போடு!”

பிறகு அவர் கத்தியை எடுத்தார். வாங்கியவனுக்கென்று வெட்டுகிற முதல் துண்டைப் பெரிதாகவே வெட்டினார். அதைக் கையில் எடுத்து, நிறைந்த முற்றத்தைப் பார்த்தபடி மேடையில் நின்று, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தானே தின்று முடித்தார்.