அனுப்பப்பட்டதாகச் சொன்ன மெயில்கள்

சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அன்னாளின் மகள் நிமி, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துக் கொச்சியில் கொஞ்சகாலம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பியவள். சுற்றுவட்டாரத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. அவர்களுக்கு மெயில் வசதி கொடுத்துவந்த நிறுவனம் கடையை மூடப்போவதாக அறிவித்தபோது, "இன்னொருத்தன்கிட்ட போய் நிக்க வேணாம்ணே. ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நம்ம மெயில நாமளே வச்சுக்கிடலாம்" என்று சங்கத் தலைவர் ராஜசேகரிடம் சொன்னது அவள்தான். ஏன் வாயைத் திறந்தோம் என்று பின்னால் பலமுறை நொந்துகொண்டாள்.

பிரவுசரிலேயே மெயில் பார்க்கும் மென்பொருளை சர்வரில் ஏற்றினாள். லாகின் பக்கம் அழகாக வந்தது. பாஸ்வேர்டு கொடுத்தால், மெயில் சர்வரோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்து நின்றது. பாஸ்வேர்டை மாற்றினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். மழையில் நெட் வேறு போய்ப் போய் வந்தது. கடைசியில் பார்த்தால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் ஒரு பெயரில் இருக்க, மென்பொருளின் அமைப்புகளில் அவள் சர்வருக்கு வேறொரு பெயரைக் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு வரி! அதைத் திருத்தியதும் உள்ளே விட்டது. ராஜசேகருக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். உடனே போய்ச் சேர்ந்தது. எல்லோரையும் புதிய மெயிலுக்கு மாற்றிவிட்டாள்.

சில நாட்களில் மூக்கம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டு மாடியை விருந்தினருக்கு விட்டுப் பிழைப்பவள். மெயில் எழுதத் தெரியாததால் அவளுக்காக நிமிதான் பதில் போடுவாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா நிமி, கோழி அடிச்சு, பெரிய கூட்டத்துக்குச் சோறாக்கி வச்சுட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தரும் வரல. போன் போட்டா, 'நீங்க பதிலே போடல, நாங்க வேற எடத்துல தங்கிட்டோம்'ங்கிறாங்க. பதில் போட்டுட்டேன்னு சொன்னியே?"

"போட்டேன் அத்தை. இந்தா பாருங்க, அனுப்பப்பட்டதுன்னு காட்டுதுல்ல."

"ஒனக்குக் காட்டி என்ன ஆகப்போகுது? அவங்களுக்குப் போகலையே!"

பொய் சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மூக்கம்மாள் போனாள். நிமிக்குத் தாங்கவில்லை. சர்வரின் பதிவுகளைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். ராஜசேகரின் முகவரியும் அதே சர்வரில் இருந்ததால், சோதனைக்கு அனுப்பிய மெயில் வெளியே போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. வெளியே போகவேண்டியவை ஒன்றும் நகராமல் வரிசையில் கிடந்தன. குப்பை மெயில்களுக்குப் பயந்து, சர்வரை வாடகைக்கு விட்டவர்கள் மெயில் வெளியே போகும் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். கேட்டால்தான் திறப்பார்கள். மென்பொருளோ, வரிசையில் சேர்த்த உடனேயே 'அனுப்பப்பட்டது' என்று காட்டிவிடும்.

கேட்டாள். எதற்கு, யாருக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று விசாரித்தார்கள். விளக்கி எழுதினாள். வேறொருவர் வந்து அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டார். மறுபடி எழுதினாள். ஒருவழியாகத் திறந்தார்கள்.

அதற்கப்புறம்தான் பெரிய கூத்து. பதில் வராததால் ஹோம்ஸ்டேக்காரர்கள் ஒரே மெயிலைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தார்கள். வழி திறந்ததும் அத்தனையும் மொத்தமாகப் பாய்ந்தன. வந்து போய்விட்ட விருந்தினர்களுக்கெல்லாம் வரவேற்பு மெயில் போனது, அதுவும் நாலைந்து தடவை. ராஜசேகரின் போன் ஓயவில்லை.

"முன்ன போக மாட்டேன்னுச்சு. இப்ப நிக்க மாட்டேங்குதா?" என்று அவர் கத்தினார்.

"வேற யாரையாவது வச்சுப் பாத்துக்கங்கண்ணே."

"வேற யாரு இருக்கா இங்க?"

அன்று சாயங்காலம் மூக்கம்மாள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மூக்கம்மாள் பால் இல்லாமல் கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள், ஆனால் விடவில்லை. "சரியாப் போகுதான்னு தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போன் போட்டுக் கேட்டிருப்பேன்ல?"

அது நியாயம்தான் என்பது நிமிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்போது மெயில்கள் பெரும்பாலும் ஒழுங்காகப் போகின்றன. ஒரே ஒரு பெரிய மெயில் நிறுவனம் மட்டும், அன்று ஒரேயடியாக வந்த மெயில் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, சங்கத்தின் மெயில்களை இன்றுவரை குப்பையில்தான் தள்ளுகிறது. நிமி அவர்களுக்கு எழுதியிருக்கிறாள். உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்ததோடு சரி.