துரை கடித்துப் பார்த்த எஞ்சின்

என் அக்காவின் கணவருக்குப் பட்டறைத் தெருவில் ‘துரை’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, தெரு வைத்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டார். கேள்வி கேட்டவனை அப்படியே நிற்கவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். “தொரைக்கு நம்மகூட பேசினா வாய் வலிக்கும்” என்பார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கையும் உண்டு. ஓடுகிற எஞ்சினில் தட்டல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார்கள். மாமா பிடியைப் பல்லால் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு “மூணாவது” என்பார். மூன்றாவது சிலிண்டரைத் திறந்தால் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். எஞ்சினைக் கடித்து ருசி பார்க்கிற ஒரே மெக்கானிக் என்று டிரைவர்கள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள்.

அது ஸ்டைல் இல்லை. மாமாவுக்கு இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் பாதிதான் மிச்சம். எத்தனையோ வருஷம் எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே நின்றதன் பலன். வீட்டுக்குள், விசிறியை நிறுத்திவிட்டு, முகத்துக்கு நேராகப் பேசினால் புரிந்துகொள்வார். பட்டறையின் இரைச்சலில் காதில் எதுவும் நிற்காது. பல்லில் கடித்தால் மட்டும் அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்ளே போய்ச் சேருகிறது. அதை அவராகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

விஷயம் அக்காவுக்குத் தெரியும். நான் பட்டம் வாங்கி, முதல் வேலைக்காக நகரத்துக்கு வந்து அவர்கள் வீட்டில் தங்கியதால் எனக்கும் தெரியவந்தது. மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது என்பது மாமாவின் உத்தரவு.

“செவிட்டு மெக்கானிக்னு ஒரு தடவ பேர் விழுந்துச்சுன்னா எவன் மாப்ளே வண்டிய விடுவான்? திமிர் பிடிச்சவன்னு சொல்லிட்டுப் போகட்டும். திமிருக்காக எவனும் வண்டிய திருப்பிக்கிட்டுப் போனதில்ல.”

அக்கா சமையலறையிலிருந்து அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கூடத்து விளக்கை ஒரு முறை அணைத்துப் போடுவாள். சண்டை நாட்களில் அந்த விளக்கு படும் பாடு சொல்லி முடியாது. எதிர்வீட்டுக்காரம்மா ஒருநாள் அக்கறையாக வந்து, “உங்க வீட்டு லைன்ல ஏதோ கோளாறு போல, ஒரு எலக்ட்ரீசியனக் கூப்பிட்டுக் காட்டிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலக்ட்ரீசியன் என்றால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. மாமாவின் பட்டறையை ஒட்டின கடையிலேயே ஒருவர் இருந்தார். லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். ஒரு காலத்தில் இருவரும் ஒரே டீயை இரண்டு தம்ளரில் ஊற்றிக் குடித்தவர்கள். நான் வந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது. மாமா இரண்டடி தூரத்தில் நின்றாலும் அவர் என்னிடம்தான் சொல்வார்: “தம்பி, உங்க மாமாகிட்ட சொல்லுங்க, பேட்டரி சார்ஜ் ஏறிடுச்சுன்னு.” நான் திரும்பி மாமாவின் முகத்துக்கு நேராகச் சொல்வேன். காரணம் என்னவென்று மாமாவைக் கேட்டால், “தெரியல மாப்ளே, திடீர்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டான்” என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பழைய லாரி வந்தது.

ஒரு லாரி கம்பெனியின் முதலாளியம்மா அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா வாங்கிய முதல் வண்டி. கம்பெனிக்குப் புதிதாகக் கட்டிய வளாகத்தின் வாசலில் அதை நிறுத்தப்போகிறார்கள். வெளிப்பக்கம் பெயின்ட் வேலை வேறு இடத்தில் முடிந்து பளபளவென்று நின்றது. பானெட்டைத் தூக்கினால்தான் வயிற்றெரிச்சல். காலம் முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு ஓட்டியிருந்தார்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோ இருந்த இடத்தில் புது ஆல்டர்னேட்டர். சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் வயர்கள். ஒவ்வொரு மூட்டிலும் பிதுங்கி நிற்கிற ஆரஞ்சு கலர் பசை. அதற்குமேல் யாரோ புண்ணியவான் எஞ்சின் முழுக்க வெள்ளி பெயின்டை அடித்துவிட்டிருந்தான்.

“எங்கப்பா இத வாங்கின அன்னிக்கு பானெட்டைத் தூக்கினா எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருக்கணும்” என்றார் நேரில் வந்த முதலாளியம்மா. “ஆனா ஓடணும். பொம்மையா நிக்கறதுன்னா நான் ஒரு போர்டு வரைஞ்சு வெச்சுக்குவேன். திறப்பு அன்னிக்கு நானே ஏறி ஸ்டார்ட் பண்ணப்போறேன். இது சரியா வந்துச்சுன்னா எங்க வண்டிங்களோட எஞ்சின் வேலை முழுக்க உங்ககிட்டதான்.”

அதை மட்டும் மாமா, அவர் முகத்தையே பார்த்தபடி, ஒரு எழுத்து விடாமல் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் எஞ்சினுக்கு முதலில் தோலை உரித்தார், பிறகு தோலைப் போட்டார். முதலாளியம்மா சின்னப் பெண்ணாக அந்த லாரியின் பம்பரில் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளை. எஞ்சின் என்ன நிறம் என்று அது எப்படிச் சொல்லும்? மாமா எஞ்சின் பக்கவாட்டில் இருந்த கம்பெனித் தகட்டின் ஆணிகளைக் கழற்றினார். தகட்டுக்குப் பின்னால் வெயிலும் எண்ணெயும் படாத ஒரு சதுரம். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம், பாசி படிந்த தொட்டித் தண்ணீர் மாதிரி. பெயின்ட் கடைக்காரர் கலக்கிக் கலக்கிக் காட்ட, மாமா தலையை ஆட்டி ஆட்டி மறுக்க, கடைசியில் அவர் “நீங்களே கலந்துக்குங்க சார்” என்று குச்சியைக் கையில் கொடுத்துவிட்டார்.

ஆரஞ்சு பசையைச் சுரண்டி எடுத்து, மூட்டுகளில் பழையபடி காகித அட்டையை வெட்டிப் போட்டார். ஹோஸ்களைப் பிடித்திருந்த பளபள கிளிப்புகளைக் கழற்றிவிட்டுக் கம்பி கிளிப் மாட்டினார். புது போல்ட்டுகள் மின்னின. அவற்றைச் சூடாக்கிக் கழிவு எண்ணெயில் முக்கிக் கறுப்பாக்கினார். ஓட்டை டைனமோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் வயிற்றைக் காலி செய்து, ஆல்டர்னேட்டரின் உள்பாகங்களை அதற்குள் பொருத்தினார். வெளியே தாத்தா, உள்ளே பேரன். அந்த வேலையிலும் வயரிங்கிலும் எலக்ட்ரீசியனின் கை வேண்டியிருந்தது. அவரும் வந்தார், என் வழியாகப் பேசிக்கொண்டே செய்து கொடுத்தார்.

வயர்தான் பெரிய தலைவலி. அந்தக் காலத்து வயருக்கு மேலே பருத்தி நூல் உறை இருக்கும். அக்கா தையல்காரி. “குழாய் மாதிரி தைக்கணும், அவ்ளோதானே” என்று எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் இல்லை என்பது தைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. விரல் பருமனில், ஆள் நீளத்துக்குத் தைக்க வேண்டும், கிளை பிரிகிற இடத்தில் உறையும் பிரிய வேண்டும். கறுப்புச் சாயம் தோய்த்த துணியில், கடை வேலை முடிந்து வந்த பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தாள். “சட்ட தெச்சிருக்கேன், பாவாட தெச்சிருக்கேன். லாரிக்கு உள்பாவாட தெச்சது இதுதான் மொத தடவ” என்றாள். மாமாவுக்கு அது கேட்கவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

முடித்த பிறகு எஞ்சின் முதல் அழுத்தலிலேயே பிடித்தது. மாமா ஸ்க்ரூடிரைவரைக் கடித்துப் பார்த்துத் தலையை அசைத்தார். திறப்புக்கு முதல் நாள் அவரே லாரியை ஓட்டிக்கொண்டுபோய் வளாகத்து வாசலில் நிறுத்தினார். அங்கே நின்று ஒரு கடைசிப் பார்வை பார்த்திருக்கிறார். எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் சேர்க்கிற எர்த் பட்டைக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குப் பெயின்ட் இல்லாமல் வெறும் இரும்பு மின்னியது. ஊர் பார்க்க நிற்கப்போகிற எஞ்சின். மனம் கேட்கவில்லை. பட்டையைக் கழற்றி, அந்த இடத்திலும் பச்சையைத் தீட்டி, காய்ந்ததும் பட்டையை மாட்டி முறுக்கிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். டிரைவர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், சரக்கு அனுப்புகிற வியாபாரிகள் என்று நல்ல கூட்டம். அக்காவும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். பானெட்டைத் தூக்கியபோது நிஜமாகவே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முதலாளியம்மா குனிந்து எஞ்சினை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினார்.

எஞ்சின் சுற்றவில்லை. மறுபடி அழுத்தினார். ஒன்றுமில்லை.

மாமா விளக்கைப் போடச் சொன்னார். விளக்கு பிரகாசமாக எரிந்தது. ஆக, பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டர் ஊமையாகக் கிடக்கிறதென்றால் பட்டனிலிருந்து வருகிற வயர் எங்கோ உறைக்குள் அறுந்திருக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிட்டார். ஒரு டிரைவரிடம் பிளேடு வாங்கினார்.

ஸ்டார்ட்டர் ஊமையாக இல்லை. பட்டனை அழுத்தும்போதெல்லாம் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் எனக்கே கேட்டது.

எலக்ட்ரீசியன் கூட்டத்திலிருந்து எழுந்து மாமாவுக்கு இடது பக்கம் வந்து நின்றார். இத்தனை நாளில் முதல் முறையாக நேராகவே பேசினார். “டிக்குன்னு வருதுல்ல, அப்புறம் எப்படி வயரா இருக்கும்? வெட்டாத.” மாமா திரும்பவில்லை. “யோவ், உன்கிட்டதான் சொல்றேன். வயர் இல்ல.” மாமா உறையை விரலால் தடவி வெட்டுகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர், “தொரைக்குச் சொன்னா ஏறுமா” என்றார். சிலர் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“அக்கா, நீ தெச்சத வெட்டப்போறாரு.”

“வெட்டினா மறுபடி தெச்சுக்குவேன். அவர் காது விஷயத்த நீ போய்ச் சொன்னா நீ சொன்னதாத்தான் இருக்கும். அவர் சொல்லணும்.”

என் கையை அவள் விடவில்லை.

மாமா பிளேடை உறையின் தையல்மேல் வைத்தார். அங்கே அக்காவின் பொடித் தையல், எறும்பு வரிசை மாதிரி. பிளேடு அப்படியே நின்றது. நிமிர்ந்தவர் எலக்ட்ரீசியனின் முகத்தைப் பார்த்தார். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த வாய். பிறகு கூட்டத்தில் அக்காவைத் தேடிப் பிடித்தார். அவள் அசையவில்லை.

“எனக்குக் கேக்கல” என்றார் மாமா. காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரல். வாசல்வரை கேட்டது. “பட்டன அழுத்தறப்போ ஸ்டார்ட்டர்ல டிக்குன்னு வருதா, வரலையா? எனக்குக் காது கேக்காது. நீ சொல்லு.”

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எலக்ட்ரீசியன் ஓரடி முன்னால் வந்தார்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பதில் வரவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டி மறுபடி கேட்டார்.

“இடது சுத்தமா இல்ல. வலது பாதி.”

எலக்ட்ரீசியன் லாரியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் மாமாவின் வலது காதருகே நின்றார். முதலாளியம்மாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் அழுத்தினார்.

“வருது” என்றார் எலக்ட்ரீசியன் காதுக்குள். “மெலிசா. ஒரே ஒரு டிக்.”

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்போ உன் வயர் நல்லாத்தான்யா இருக்கு. கரன்ட் வருது, திரும்பிப் போக சரியான வழியில்ல. எர்த்துக்கு அடியில பெயின்ட் அடிச்சு வெச்ச மகாராசன் நான்தான்.”

பிளேடை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு குனிந்தார். பட்டையைக் கழற்றி, நேற்று அழகாகத் தீட்டிய பச்சையைச் சுரண்டினார். ஒரு ரூபாய் அளவு இரும்பு மறுபடி மின்னியது. பட்டையை முறுக்கியதும் முதலாளியம்மா அழுத்தினார். எஞ்சின் ஒரு செருமல் செருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. எலக்ட்ரீசியன் சட்டைப் பையிலிருந்த தன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து நீட்டினார். மாமா அதை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அக்கா அப்போதுதான் என் கையை விட்டாள். விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

மாமா பயந்தது முழுக்கப் பொய்யாகிவிடவில்லை. வழக்கமாக வருகிற டிரைவர்களில் இரண்டு பேர் அடுத்த முறை வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். முதலாளியம்மாவும் எல்லா வண்டிகளையும் உடனே அனுப்பிவிடவில்லை. யாராலும் கோளாறு பிடிக்க முடியாத ஒரு லாரியை மட்டும் அனுப்பிவைத்தார். மாமா அதைக் கடித்துப் பார்த்து, திறந்து, சரிசெய்து அனுப்பினார். அடுத்து இரண்டு வந்தன. இப்போது பட்டறைக்குள் இடம் போதாமல் தெருவில் நிற்கின்றன. பெயர் மட்டும் துரைதான். ஆனால் கூப்பிடுகிறவர்கள் வலது பக்கமாக வந்து கூப்பிடுகிறார்கள்.

திறப்பு நடந்த அந்த வாரத்திலேயே, நான் பட்டறைக்குப் போயிருந்தபோது எலக்ட்ரீசியன் இரண்டு தம்ளரோடு உள்ளே வந்தார். என்னைத் தாண்டிப்போய் மாமாவின் வலது பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உன்கூட பேச்ச நிறுத்தினேனே, அன்னிக்கு உன்கிட்ட ஓடி வந்து சொன்னேன், என் பொண்ணு பாஸாயிட்டான்னு. மொத ஆளா உன்கிட்டதான் சொன்னேன். நீ பாட்டுக்கு டயர உருட்டிக்கிட்டுப் போயிட்ட.”

மாமா ஒரு தம்ளரை வாங்கிக்கொண்டார். “எந்தப் பக்கம் நின்ன?”

“அந்தப் பக்கம்” என்று மாமாவின் இடது காதைக் காட்டினார்.

“இதுக்கா மூஞ்சியத் தூக்கிக்கிட்ட? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேய்யா.”

“உன்ன என்னல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா? அதுவும் அந்தப் பக்கம் நின்னுதான். எல்லாம் வீணாப் போச்சு.”

மாமா டீயைக் கீழே வைத்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் நன்றாகத் துடைத்து, ஸ்டூலை அவருக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“திட்டு அப்புறம் இருக்கட்டும். பொண்ணு விஷயத்த மொதல்லேருந்து சொல்லு.”

எலக்ட்ரீசியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றுதான் முடிவு வந்ததுபோலச் சொல்ல ஆரம்பித்தார்.