கருவாட்டைச் சுற்றி நடந்தவர்கள்

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்வெளி இருக்கிறது. அதைக் களம் என்போம். தெருப் பெண்கள் கருவாடு காயப்போடுவது அங்கேதான். யாரிடமும் பட்டா கிடையாது. ஆனால் எந்த இடம் எந்த வீட்டுக்குரியது என்று எல்லோருக்கும் தெரியும். மூலைக்கு ஒரு கல்லோ உடைந்த துடுப்போ நட்டிருக்கும். மீன் பரப்பியிருக்கும்போது யாரும் அதன் குறுக்கே நடக்க மாட்டார்கள். மாதா கோயில் சாமியார் ஆனாலும் போலீஸ்காரர் ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

அந்தக் களம் கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு வருஷம் பேச்சு அடிபட்டது. பக்கத்தில் மரக் கிடங்கு வைத்திருந்த முதலாளி அதைக் கார்ப்பரேஷனிடம் குத்தகைக்குக் கேட்டிருந்தார். கவுன்சிலர்கள் கூடும் மன்றம்தான் முடிவு சொல்ல வேண்டும். மன்றத்துக்கோ தேர்தல் வந்துகொண்டிருந்தது. எங்கள் வட்டத்திலிருந்து யார் போகிறாரோ அவர் சொல்தான் அங்கே எடுபடும். அம்மாவின் இடம் களத்தின் நடுவில். என்னைப் படிக்கவைத்ததே அந்த இடம்தான்.

நான் அப்போது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் ட்ரேசராக இருந்தேன். இன்ஜினீயர் பென்சிலால் போட்டதை மெழுகுத்துணியில் மையால் படியெடுக்கும் வேலை. பயிற்சியில் சங்கிலி பிடித்து நிலம் அளக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் எனக்குத் தெளிவாகும். தேர்தலையும் அப்படித்தான் பார்த்தேன்.

நின்றவர்கள் இருவர். ஒருவர் வக்கீல். கஞ்சி போட்ட சட்டை, தெளிவான குரல், குழந்தைகளின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம். இன்னொருவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களின் மேஸ்திரி. மேடையில் ஏறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் களத்தைக் காப்பாற்றுவோம் என்றுதான் சொன்னார்கள். வாக்குறுதியை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

வழியைக் காட்டியவர் வக்கீலேதான். “அவர் யாரோடு திரிகிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்” என்று எல்லாக் கூட்டத்திலும் சொன்னார். அது நன்றாக எடுபட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் நைனா அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

“பொணக்குழி வெட்டறவன் தோள்ல கை போட்டுகினு வர்றான். அவனுக்கா ஓட்டு?”

மீனுக்கு உப்புப் பிசறிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “நீ போவசொல்ல யாரு வெட்டுவா? வக்கீலா?”

“வக்கீலு கூட வர்றவங்களப் பாரு. ஒருத்தன் சட்டையில அழுக்கு கீதா?”

“அழுக்கு மீனு விக்கறவ கூடத்தான நீ குடும்பம் நடத்திகினு கீற? அது பேஜாரா இல்லியா உனுக்கு?”

நைனா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா, படிச்ச பொண்ணு.”

“பாத்துட்டுச் சொல்றேன் நைனா” என்றேன். உண்மையிலேயே பார்க்க ஆரம்பித்தேன். வக்கீல் சொன்ன சோதனை எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனால் சட்டையைப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு கூட்டாளியைப் பற்றியும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இவர் ஜெயித்தால் அந்த ஆளுக்கு என்ன கிடைக்கும்?

மேஸ்திரியோடு எப்போதும் வந்தவர்கள் மூன்று பேர். மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழி வெட்டுகிறவர்; காலரா வந்தபோது, எடுக்க ஆளில்லாத பிணங்களை மேஸ்திரியும் அவரும்தான் தூக்கினார்கள். வியாசர்பாடியிலிருந்து மூக்கு உடைந்த ஒரு குத்துச்சண்டைக்காரர். புயலின்போது எங்கள் கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டவர். மூன்றாமவர் கள்ளுக்கடை வைத்திருந்து, மதுவிலக்கில் அது மூடியபின் வேர்க்கடலை விற்றவர். இவர் வந்ததற்குக் காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. மேஸ்திரி ஓசியில் கடலை தின்பார் என்பதைத் தவிர. மேஸ்திரி ஜெயித்தாலும் தோற்றாலும் இவர்களுக்கு ஒரு தம்படி லாபமில்லை.

வக்கீலோடு வந்தவர்களும் ஏறக்குறைய அதே கணக்கு. ஒரு டாக்டர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு மளிகைக் கடைக்காரர். மூவரும் நல்லவர்கள், மளிகைக்காரர் எங்களுக்கே கடன் கொடுப்பவர். கூட ஒல்லியாக நாலாவது ஆள் ஒருவர். “என் நண்பர்” என்று மட்டும் வக்கீல் அறிமுகப்படுத்தினார். அந்த ஆள் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை, எந்தக் குழந்தையையும் கொஞ்சவில்லை. என் மனப் பட்டியலில் அவருக்கு நேரே எதையும் போட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வக்கீல் களத்துக்கு ஓட்டுக் கேட்க வந்திருந்தார். வழக்கப்படி எல்லோரும் கருவாட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். அந்த ஒல்லியான ஆள் மட்டும் நெத்திலியின் மேலேயே நேராக நடந்துபோனார்.

“யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது?” என்று அம்மா கத்தினாள். “கருவாட்ட மெறிச்சுகினு போற!”

அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் விலகவில்லை. அடுத்த அடியையும் அதே நேர்கோட்டில் வைத்தார். அவர் கீழே பார்க்கவே இல்லை. பார்வை கோயில் கொடிமரத்தின் மேல் இருந்தது. ஓர் இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிப் பிடித்தார். சங்கிலி பிடித்த காலத்தில் நானும் அப்படித்தான் முள்வேலியென்றும் சேறென்றும் பாராமல் நடந்திருக்கிறேன். கோடு போடுகிறவர்களுக்குக் கோடுதான் தெரியும்.

அந்த ஆள் களத்தை அளந்தார் என்று வீட்டில் சொன்னேன். “அளக்கற ஆளே ஆனாலும் அன்னிக்கு சும்மா நடந்திருப்பாரு. சும்மா நடந்தவர் மேல பழி போடாத” என்றார் நைனா. அதுவும் நியாயம்தான். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் எங்கள் தெருமுனையில் வக்கீல் கூட்டம் போட்டார். சாயங்கால வெளிச்சத்தில் தெருவே திரண்டிருந்தது. “இந்தக் களத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் தொட விடமாட்டேன்” என்று அவர் சொன்னபோது நைனாவும் கை தட்டினார். நாலாவது ஆள் மேடைக்குப் பக்கத்தில் நின்று, மேடைக்கு முதுகைக் காட்டியபடி களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போனேன். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, வரைபட அறையில் கேட்கிற அதே குரலில் கேட்டேன்.

“சார், வேலிக் கம்பம் எட்டடிக்கு ஒண்ணா, பத்தடிக்கு ஒண்ணா?”

“எட்டு” என்றார் உடனே. “இது கடல் மணல் பாருங்க. பத்து போட்டா நிக்காது.”

“கேட்டு எந்தப் பக்கம்?”

“ரோட்டுப் பக்கம் ஒண்ணுதான். லாரி திரும்பணுமில்ல?”

சொல்லி முடித்த பிறகுதான் தெரு முழுக்க அமைதியாக இருப்பது அவருக்கு உறைத்தது. பாவம், அவர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. தொழில் தெரிந்தவரிடம் தொழில் கேள்வி கேட்டால் வாய் முந்திக்கொள்ளும். என்னிடம் யாராவது மையின் பதம் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் லாரி வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான்: கிடங்கு முதலாளி.

“அது... குழந்தைகளுக்குப் பூங்கா” என்றார் வக்கீல். முதல் தடவையாக அவர் குரல் தடுமாறியது.

அம்மா எழுந்து நின்றாள். “பூங்காவுக்குள்ள லாரி இன்னாத்துக்கு வக்கீலு? கொயந்தைங்கள ஏத்தினு போவவா?”

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கித் தெருவின் அந்தக் கோடி வரைக்கும் போனது. பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “கூட வர்றவன பாத்து ஓட்டுப் போடுன்னு நீதான சொன்ன? பாத்துட்டோம் மாமு!” என்று குரல் கொடுத்தாள். டாக்டரும் வாத்தியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அது அப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். மளிகைக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து எங்களோடு நின்றுகொண்டார்.

கூட்டம் கலைந்து நைனா வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், “எட்டடிக்கு ஒண்ணா...” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

ஓட்டுப்போடும் நாளில் களத்தில் ஒரு மீன்கூடக் காயவில்லை. பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கூடை தூக்கும் கைகளால் வாக்காளர் சீட்டை நுனி மடங்காமல் பிடித்துக்கொண்டு, முறை வரும்வரை ஓயாமல் பேசினார்கள். அம்மாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. வெளியே வந்து, “பொட்டிய நவுத்திப் பாத்தேன், நல்லா பாரமா கீதுடி” என்றாள்.

மேஸ்திரி ஜெயித்தார். கொஞ்ச நஞ்சமாக அல்ல. எங்கள் தெருவுக்குச் சம்பந்தமில்லாத பகுதிகளிலும் ஜெயித்தார். எட்டடிக் கதை எங்களுக்கு முன்பே அங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னாளில் குத்தகை மனு மன்றத்துக்கு வந்தபோது அவர் தொண்டை கட்டிய குரலிலேயே எழுந்து எதிர்த்தார். மனு தள்ளுபடியானது. களம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது.

ஆனால் வெற்றி என்றால் என் கண்ணுக்கு வருவது அந்த ஊர்வலம். முடிவு தெரிந்த மறுநாள் வெயில் ஏறும் நேரம். அம்மா நெத்திலியைப் பரப்பி முடித்திருந்தாள். கடற்கரை வழியாகப் பறை முழங்கிக்கொண்டு வந்தது. மூக்கு உடைந்தவர் தோளில் மேஸ்திரி. கடலைக்காரர் இரண்டு கையாலும் கடலையை வாரி இறைத்துக்கொண்டு வந்தார். முன்வரிசையில் குழி வெட்டுகிறவரின் தோளில் ஒரு கை கிடந்தது. அது என் நைனாவின் கை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்.

பின்னால் துறைமுகமே வந்ததுபோல் கூட்டம். பாதிப் பேர் வேறு பேட்டைக்காரர்கள், எங்கள் வழக்கம் அறியாதவர்கள். அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடத் தயாரானாள்.

களத்தின் விளிம்புக்கு வந்ததும் குழி வெட்டுகிறவர் இடது பக்கம் ஒதுங்கினார். நைனா வலது பக்கம் ஒதுங்கினார். பறையடிப்பவர்கள் அடியை நிறுத்தாமலே பிரிந்தார்கள். அவ்வளவு பெரிய ஊர்வலமும் இரண்டாகப் பிளந்து, கருவாட்டை நடுவில் விட்டு, சுற்றிக்கொண்டு போனது.