உச்சி வெயிலில் பின்னிய ஜடை

2023 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை. ஷார்ஜா எமிரேட்டில், அல் தைதிலிருந்து மலீஹா போகும் சாலையில் பிரிந்து, மணலுக்குள் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆட்டுப் பண்ணை. பகல் 1.40. வெளியே 47 டிகிரி.

நடந்தது அங்கேதான். பேய்க் கதைகளை நான் விரும்பிப் படிப்பேன், நம்பியதில்லை. இதையும் நம்புங்கள் என்று உங்களிடம் கேட்கப் போவதில்லை. தேதியையும் இடத்தையும் மாற்றாமல், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். சொந்த மகளை வைத்துக் கதை கட்டும் துணிச்சல் எனக்குக் கிடையாது.

என் கணவர் அன்பரசன் அந்தப் பண்ணையின் சூப்பர்வைசர். நானூறு ஆடுகள், கொஞ்சம் பேரீச்சை மரங்கள், இரண்டு தொழிலாளிகள். பரமக்குடிப் பக்கத்துக் கார்மேகம் ஆடுகளைப் பார்த்துக்கொள்வார். பலூச்சிக்காரர் சுஐபு தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்வார். கஃபீல் என்று நாங்கள் சொல்லும் முதலாளி வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். எங்களுக்கு இரண்டு அறைகள் கொண்ட வீடு கொடுத்திருந்தார். அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் மகள் இளவேனிலுக்கு அப்போது ஐந்து வயது.

விடியுமுன் எழுந்து தாயில்லாக் குட்டிகளுக்குப் பால்புட்டி கொடுப்பேன். பிறகு கறவை, சமையல், மகளுக்கு எழுத்துப் பாடம், மறுபடியும் கறவை. வெளியே போகும்போதெல்லாம் நைட்டிக்கு மேல் அன்பரசனின் பழைய நீலச் சட்டை. முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்ட துண்டு. கண் மட்டும் தெரியும். பண்ணையில் எல்லோருக்கும் இதுதான் உடை. மணலும் வெயிலும் அப்படி. அதனால் அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. சட்டையை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெளிவேலை கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் பண்ணை முழுவதும் கதவடைத்துத் தூங்கும். ஊரில் நள்ளிரவு எப்படியோ, அங்கே நடுப்பகல் அப்படி.

அன்று செவ்வாய். இளவேனிலுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். முடியை உலர விரித்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன். மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். நானே எக்கித்தான் போட வேண்டும்.

மின்சாரம் நின்று ஏசி ஓய்ந்ததில் விழித்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முடியைத் தடவப் போனேன்.

பின்னியிருந்தது.

இறுக்கமாக, ஒரு முடிகூடப் பிசிறாமல். நான்கு கால் எடுத்துப் பின்னிய ஜடை. எனக்கு மூன்று கால் ஜடைதான் பின்ன வரும். நுனியில் ரிப்பனுக்குப் பதில் ஆரஞ்சு நிற நைலான் கயிறு, புல்லுக்கட்டைக் கட்டி வருகிற கயிறு.

கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அவள் கால்விரல்களுக்கிடையே மணல். அந்த நேரத்து மணலில் செருப்பில்லாமல் நாலு அடி வைத்தால் கொப்பளித்துவிடும். உள்ளங்காலைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது...

அவளை எழுப்பினேன்.

"யாருடா ஜடை பின்னிவிட்டா?"

"நீதான்."

"எப்ப?"

"இப்ப. குட்டி ஆடு பார்க்கப் போனோம்ல?" கண்ணைக் கசக்கினாள். "அம்மா, அப்ப நீ ஏன் பேசவே இல்ல?"

எனக்குப் பேய் ஞாபகம் வரவில்லை. மனிதர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். பெண் குழந்தை இருக்கிற வீடு. சுற்றிலும் வருடக்கணக்கில் தனியாக இருக்கும் ஆண்கள். கார்மேகத்துக்கு ஊரில் இதே வயதில் ஒரு பெண். பெயர் கருப்பாயி. இரட்டை ஜடையோடு இருக்கும் அவள் படத்தை எத்தனையோ முறை எனக்குக் காட்டியிருக்கிறார். இளவேனிலுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தருவதும் அவர்தான்.

அன்று இரவு சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன்.

"கார்மேகம் அப்படிப்பட்ட ஆளு இல்ல ஜோதி."

"அப்ப யாரு? ஆடு பின்னுச்சா?"

"கஃபீல் காதுக்குப் போச்சுன்னா அன்னைக்கே அவனுக்கு டிக்கெட் போட்டுருவாரு. யோசிச்சுப் பேசு."

"எம் புள்ள முக்கியமா, அவர் டிக்கெட் முக்கியமா?"

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

சனிக்கிழமை மாலை, கறவை முடிந்ததும், அந்தக் கயிற்றோடு நானே கார்மேகத்திடம் போனேன்.

"இது உங்க கயிறா?"

"பண்ணையில எல்லாக் கயிறும் இதுதானக்கா."

"பாப்பாவுக்கு ஜடை பின்னிவிட்டது யாரு?"

அவர் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்துத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க."

"உச்சி வெயில்ல பாப்பாவ எங்கிட்டுக் கூட்டிட்டுப் போறீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நாலஞ்சு நாளா எங்க ரூம் ஜன்னல்ல இருந்து பாக்குறேன். நீலச் சட்டை. பாப்பா கையப் புடிச்சுக்கிட்டு, கடைசிப் பட்டி வரைக்கும் போறீங்க. பெரிய வீட்டு விசயம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன். சாரோட சண்டை கிண்டையோன்னு..."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"இங்க யாரு முகத்த யாரு பாக்குறா?"

பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஒண்ணுதான் இடிச்சுச்சு. உங்களக் கண்டா புட்டிப் பாலுக்கு ஆடெல்லாம் எந்திரிச்சு வேலிக்கு ஓடியாரும்ல? அப்ப ஒண்ணுகூட எந்திரிக்கல. வெயிலுக்குப் படுத்துக் கெடக்குன்னு நெனச்சேன்."

அவரைச் சந்தேகித்து நான் போயிருந்தேன். அவர் என்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்.

யாரோ என் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று முடிவு செய்தேன். சுஐபு ஒல்லி. என் உயரம்தான் இருப்பார். அன்றே சட்டையை என் மெத்தைக்கு அடியில் வைத்தேன். கதவின் உள்பக்கம் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டோம். சாவி என் தாலிக்கயிற்றில்.

கணவர் வேறு மாதிரி யோசித்தார்.

"உனக்கே தெரியாம நீ எந்திரிச்சுப் போறியோ?" மெதுவாகத்தான் கேட்டார். "தனியாவே கெடக்குற. மனசு..."

அதற்குப் பிறகு எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஞாயிறு மதியம் செல்போனை அலமாரியில் சாய்த்து, கட்டிலைப் பார்த்தபடி வீடியோவை ஓடவிட்டுத் தூங்கினேன். எழுந்தபோது இளவேனிலுக்கு நான்கு கால் ஜடை. நானும் கணவரும் உட்கார்ந்து அந்த வீடியோவை முழுவதும் பார்த்தோம். நான் எழவில்லை. மகள் எழவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. ஆரம்பத்தில் அவள் முடி தலையணையில் விரிந்து கிடந்தது. நடுவில் ஒருமுறை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். அப்போது ஜடை இருந்தது.

கணவர் வெளியே போய்க் கார்மேகத்திடம் ஏதோ கேட்டுவிட்டு வந்தார்.

"இன்னைக்கும் பார்த்தானாம்."

"என்னையா?"

"ரெண்டு பேரையும்."

வீடியோவில் நாங்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்ததும் சொல்லிவிட்டுக் கிளம்புவதென்று முடிவானது. துபாய் கராமாவில் என் சித்தி மகள் நளினி இருக்கிறாள். அவள் வீட்டில் போய் இருக்கலாம். வியாழக்கிழமை, ஜூலை 27, கணவர் தைது சந்தைக்குக் கிடாய்களை ஏற்றிக்கொண்டு போயாக வேண்டியிருந்தது.

"ரெண்டு மணிக்குள்ள வந்துருவேன். கதவத் திறக்காத."

காலையில் இளவேனிலுக்கு நானே மூன்று கால் ஜடை பின்னினேன். சிவப்பு ரிப்பன் கட்டினேன். பன்னிரண்டே முக்காலுக்குக் கதவைத் தாழிட்டுப் பூட்டினேன். மகள் தூங்கினாள். நான் சட்டை இருந்த மெத்தைமேல், சுவரில் சாய்ந்து, கண் விழித்து உட்கார்ந்திருந்தேன்.

ஏசி சத்தம். அவள் மூச்சு. வேறு எதுவும் இல்லை.

ஒரு நிமிடம் கண் அசந்திருக்கலாம். சத்தியமாக ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது.

1.52.

வெளியே மணலில் காலடிச் சத்தம்... சரக்... சரக்... இரண்டு பேர் நடக்கிற சத்தம். ஒருவருடையது சின்ன நடை.

ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

"இளா..."

என் குரல்.

போனில் பதிவு செய்து கேட்டால் நம் குரல் நமக்கே அந்நியமாக இருக்கும் அல்லவா? அப்படி இருந்தது. ஆனால் என் குரல்தான்.

"இளா... வாம்மா..."

கட்டிலில் மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நீ யாரு?"

"அம்மாடா..."

"இல்ல." தலையை ஆட்டினாள். "அம்மா வெளிய இருக்கா."

கட்டிலிலிருந்து இறங்கிக் கதவுக்கு ஓடினாள். நான் பாய்ந்து பிடித்தேன். கையைக் கடித்தாள். விடவில்லை. தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். பூட்டு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, இவளை விடாமல் இருந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

கைப்பிடி அசைந்தது.

ஒருமுறை.

இன்னொரு முறை.

பிறகு தட்டல். டொக்... டொக்... கதவின் மேல்பாதியில் இல்லை. கீழே. என் இடுப்பு உயரத்தில்.

"அம்மா..."

இது இளவேனிலின் குரல்.

வெளியிலிருந்து.

"அம்மா, சுடுதும்மா... கால் சுடுது... கதவத் திற..."

என் மடியிலிருந்தவளைப் பார்த்தேன். அவள் வாய் மூடியிருந்தது. அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முதுகைத் தடவினேன். கை ஜடையில் பட்டது.

விரலால் எண்ணினேன்.

நான்கு கால்.

ரிப்பன் இல்லை.

"அம்மா... அம்மா..."

சாவி என் கழுத்தில் இருந்தது. கையில் பிடித்தேன்...

திறக்கவில்லை.

தட்டல் நெடுநேரம் கேட்டது. அழுகை தேம்பலானது. தேம்பல் சின்னதானது. பிறகு, "வா, போலாம்," என்று என் குரல் சொன்னது. இரண்டு பேரின் காலடிச் சத்தம். சரக்... சரக்... கடைசிப் பட்டியின் பக்கம் போய்த் தேய்ந்தது.

மூன்று மணிக்குச் சுஐபு மோட்டாரைப் போட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டதும் மடியிலிருந்தவள் கொட்டாவி விட்டாள். என் கழுத்தில் முகம் புதைத்தாள்.

"அம்மா, பசிக்குது," என்றாள்.

கணவர் மூன்றே காலுக்கு வந்தார். வழியில் டயர் வெடித்துவிட்டதாம். வீட்டு வாசலில் ஒன்றும் இல்லை. கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஈரமான சின்னக் கைத்தடங்கள். நாங்கள் பார்க்கும்போதே காய்ந்துவிட்டன.

மறுநாள் கராமாவுக்கு வந்தோம்.

பேய்க்கு ஒரு பழைய கதை வேண்டுமே என்று நானும் விசாரித்தேன். முதலாளியின் மகனிடம் கேட்டேன். பண்ணை தொடங்கிய நாள் முதல் அங்கே இருக்கும் சுஐபுவிடம் கேட்டேன். 2012 வரை அது வெறும் மணல். அங்கே யாரும் சாகவில்லை. எனக்கு முன்னால் எந்தப் பெண்ணும் அங்கே குடியிருந்ததில்லை. எந்தக் குழந்தையும் இருந்ததில்லை.

அடுத்த வருடம், ஜூன் மாதம், ஒரு மதியம் கார்மேகம் போன் செய்தார். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இளவேனில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பண்ணைக்கு வந்திருக்கீங்களா?"

"இல்லையே. கராமாவுலதான்."

"பாப்பா?"

"இங்கதான். எதிர்ல உக்காந்திருக்கா."

போனில் காற்று இரைந்தது.

"அப்ப இங்க அழுகுறது யாருக்கா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பூட்டிக் கெடக்குற உங்க வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்குது. சிவப்பு ரிப்பன். தமிழ்லதான் அழுகுது. அம்மா தொறம்மா, அம்மா தொறம்மான்னு... பக்கத்துல போகவா வேணாமா? சொல்லுங்க..."

இளவேனில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"போன வச்சிரும்மா," என்றாள்.

வைத்துவிட்டேன்.

கார்மேகம் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அன்பரசனுக்கு இப்போது துபாயில் ஒரு தீவனக் கம்பெனியில் வேலை. பண்ணை வீடு பூட்டியே இருக்கிறது. இளவேனில் இரண்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள்.