எந்த வெறி

சிவக்கொழுந்து அளந்து பேசுகிறவள். கொழுந்தின்ரை வாயிலையிருந்து ஒரு சொல் எடுக்கிறதும் ஆழக்கிணத்திலை ஒரு வாளி தண்ணி எடுக்கிறதும் ஒண்டு என்று அயலில் பகிடி பண்ணுவார்கள். உடுவிலுக்குத் தெற்கே செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் யாரோடும் வாய்க்கு வாய் நின்றதில்லை, தன் வீட்டுக் கதையை வேலிக்கு வெளியே விட்டதுமில்லை. அப்படிப்பட்டவள் ஒரே ஒருமுறை ஒரு சொல்லைத் தவறவிட்டாள். பிறகு சாகும்வரை அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருந்தாள்.

அவளுடைய புருஷன் மார்க்கண்டு புகையிலைத் தோட்டக்காரன். ஊரெல்லாம் சுருட்டுப் பற்ற இலை வளர்த்தவன், தான் ஒரு சுருட்டை வாயில் வைத்ததில்லை. கள்ளின் வாடை வரும் ஒழுங்கையால்கூட நடக்கமாட்டான். பிள்ளையார் கோயிலில் புராணம் வாசிக்கும் நாட்களில் அவன் குரலுக்காகவே சனம் வந்து குந்தும். ஒரே மகள் குணலட்சுமி. மானிப்பாய் ஆழ்வாப்பிள்ளையின் மகன் மலாயாவில் ரெயில்வே கிளாக்கர். அவனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பது ஆவணியில். ஆவணியை விட்டால் பிறகு எப்போதென்று கப்பல்காரனுக்கும் தெரியாது.

முப்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் மார்க்கண்டு நித்திரையை விட்டான். கிணற்றுத் தண்ணீர் மணக்குது என்றான். யாரோ நஞ்சு போட்டுவிட்டார்கள் என்றான். பிள்ளை வளர்த்ததுபோல் வளர்த்த புகையிலைக் கன்றுகளை, வெட்டுப் பருவத்தில் நின்றவற்றை, ஒரு காலைப்பொழுதில் வரிசை வரிசையாகப் பிடுங்கிப் போட்டான். பிறகு மண்வெட்டியோடு ஒழுங்கையில் இறங்கி வண்டிகளை மறித்தான். "இந்த ஊர்த் தண்ணி குடியாதேங்கோ, செத்துப்போவியள்" என்று கத்தினான். எல்லாரையும் காப்பாற்றத்தான் நின்றான், பாவம். ஆனால் விலகிப் போகப் பார்த்த ஒரு வண்டிக்காரனின் தோளில் மண்வெட்டிப் பிடி பட்டுவிட்டது. வண்டிக்காரன் நேரே ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் போனான். விதானையார் கனகசபாபதி பொலிசுக்கு ஆள் அனுப்பினார்.

வந்தவர் சார்ஜன் செபநாயகம். கரையூர்ப் பக்கத்து மனுஷன், பருத்த உடம்பு, உரத்த குரல். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வாசல் படலையடியில் நின்ற சிவக்கொழுந்திடம் கேட்டார்.

"என்னம்மா, உம்மடை மனுசனுக்கு என்ன?"

சிவக்கொழுந்துக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. போன வருஷம் தங்கள் நாம்பன் மாடு இப்படித்தான் கண் சிவந்து, கயிறறுத்து, கண்டதையெல்லாம் முட்டிக்கொண்டு நின்றது அவள் நினைவுக்கு வந்தது. மாட்டுக்கு வந்த வெறிபோலத்தான் கிடக்கு என்று சொல்ல வாயெடுத்தாள்.

"வெறி..." என்றாள்.

அந்த மாட்டைக் கடைசியில் என்ன செய்தார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. மீதி வசனத்தை விழுங்கிவிட்டாள்.

"வெறியோ?" சார்ஜன் சிரித்தார். "விடியக் காத்தாலையே போட்டுட்டாரோ? சரி சரி. ரெண்டு நாள் கூட்டுக்குள்ளை கிடந்தால் முறியும்."

குடித்தவனையும் வெறி என்பார்கள், மதம் கொண்ட மாட்டையும் வெறி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பொலிஸ்காரன் காதில் விழுவது எப்போதும் முதலாவதுதான். இல்லை ஐயா, அந்த வெறியில்லை என்று சொல்ல அவளுக்கு அவகாசம் இருந்தது. பின்னால் நின்ற விதானையார் அவளைப் பார்த்தார். மார்க்கண்டு கள்ளைத் தொடாதவன் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

மார்க்கண்டுவைக் கயிற்றில் கட்டி ஏற்றிய வண்டி ஒழுங்கை முடக்கால் திரும்பியபிறகு விதானையார் மெதுவாகச் சொன்னார்.

"நல்ல சொல்லுச் சொன்னாய், பிள்ளை. விசர், பைத்தியம் எண்டு வாயாலை வந்திருந்தால் நீதவான் கோடு, டொக்டர், கொழும்பு விசராஸ்பத்திரி எண்டு ஊரெல்லாம் நாறியிருக்கும். வெறிகாரன்ரை பெட்டையை எடுக்க ஆளிருக்கு. விசரன்ரை பெட்டையை ஆர் எடுப்பான்? ரத்தத்திலை வாறதெண்டு சொல்லுவாங்கள்."

பொலிஸ் கூட்டுக்குள் மார்க்கண்டு ஓயாமல் கத்தினான். சார்ஜன் கெட்ட மனுஷனல்ல. வெறி முறியத் தேசிக்காய்ச் சாறு கொடுத்தார், மோர் கொடுத்தார், தலையில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீரைக் கண்டதும் மார்க்கண்டு இன்னும் கத்தினான். "என்ன கள்ளு அப்பா இது, முறியவே மாட்டனெண்டுது" என்று சார்ஜன் கான்ஸ்தாபிள்மாரிடம் கேட்டாராம். கடைசியில் குரலடைத்து ஓய்ந்தபிறகு கோட்டில் நிறுத்தினார்கள். நீதவான் தண்டம் போட்டு விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் காய்ச்சல் விட்டவன் மாதிரி இருந்தான். பிடுங்கிக் கிடந்த புகையிலையைப் பார்த்தான்.

"இஞ்சேர், உது ஆர் செய்தது?"

"நீங்கள்தான்."

"நானோ? எனக்கு என்ன நடந்தது?"

சிவக்கொழுந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் கொஞ்சம் குடிச்சிட்டியள்."

அவன் அதை நம்பினான். அதுதான் அவளால் பிறகு எக்காலத்திலும் தாங்க முடியாமற் போனது. கோட்டில் நீதவான் சொன்னது, பொலிஸ் எழுதியது, தன்னிடம் ஒரு நாளும் பொய் சொல்லாத பெண்சாதி சொன்னது. நம்பாமல் என்ன செய்வான்? குடித்தது நினைவில் இல்லாவிட்டால் குடிகாரனுக்கு எதுதான் நினைவிலிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பிள்ளையாருக்கு முன்னால் தேங்காய் உடைத்து இனித் தொடமாட்டேன் என்று நேர்ந்தான். வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்தான். புராணம் வாசிக்கும் இடத்தில் வேறொருவனை இருத்தியிருந்தார்கள். இவன் தூணோரம் போய் நின்று கேட்டுவிட்டு வந்தான்.

வைகாசியில் மறுபடியும் தண்ணீர் மணத்தது. இம்முறை அயலவரின் குடங்களையெல்லாம் போட்டுடைத்தான். மறுபடியும் விதானையார், மறுபடியும் சார்ஜன். சார்ஜன் கட்டப்பட்டுக் கிடந்தவனுக்குப் பக்கத்தில் குந்தி அவன் வாயை முகர்ந்து பார்த்தார்.

"மணத்தைக் காணேல்லையே, அம்மா."

"விடியக் குடிச்சது, ஐயா" என்றாள் சிவக்கொழுந்து. முதல் தடவை சொல் அவள் வாயிலிருந்து தவறி விழுந்தது. இந்தத் தடவை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவன் கூட்டுக்குள் கிடந்த நாட்களில், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, வெளியூரிலிருந்த ஒரு மிசன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டொக்டர் நம்மவர்தான். அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"குடிப்பாரோ?"

"இல்லை, டொக்டர் ஐயா."

"அப்ப பொலிசிலை குடியெண்டு ஏன் பிடிச்சவை?"

அவள் சேலைத் தலைப்பை இன்னும் இழுத்து மூடினாள். டொக்டர் நித்திரைக்கு ஒரு மருந்து கலக்கிக் கொடுத்தார். "இது மனத்தின்ரை வருத்தம், அம்மா. இஞ்சை அதுக்கு ஒரு கட்டில்கூட இல்லை. நீங்கள் கோட்டிலை வாய் திறந்து சொல்லவேணும். நீதவான் எங்களைப் பாக்கச் சொல்லுவார். டொக்டர்மார் ரெண்டுபேர் எழுதிக் குடுத்தால் கொழும்புக்கு அனுப்பலாம்."

"அனுப்பினால் சுகமாகுமோ?"

"சிலபேருக்கு ஆகும்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

ஆவணி போகட்டும், குணலட்சுமி கப்பலேறட்டும், பிறகு சொல்லுவோம் என்று எண்ணிக்கொண்டு வந்தாள். மருந்துப் போத்தலை அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, தண்டம் கட்டி அவன் வீடு வந்ததும் பாலில் கலந்து கொடுத்தாள். அவன் பகலிலும் தூங்கிவிழுந்தான். பார்த்தவர்கள், "பகலிலையும் விடுறானில்லை" என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஆனி மாதத்தில் ஒருநாள் மார்க்கண்டு சந்திக் கள்ளுத் தவறணைக்குப் போனான். குடிக்கப் போகவில்லை. தான் எப்படிக் குடிக்கிறவன், யாரோடு வந்து குடிக்கிறவன் என்று தவறணைக்காரனிடம் கேட்டு அறிந்துகொள்ளப் போனான். வீட்டுக்குத் திரும்பிவந்து கிணற்றுக்கட்டில் குந்தினான்.

"இஞ்சேர், கொழுந்து. நான் அங்கை ஒருநாளும் காலடி வைக்கேல்லையாம். தவறணைக்காரன் சத்தியம் பண்ணுறான். 'பொலிசுக்குத்தான் ஐயா குடிகாரன், எங்களுக்கு நீங்கள் ஒரு முட்டி யாவாரமும் தரேல்லை' எண்டு பகிடி வேறை."

அவள் வாளியை வைத்துவிட்டு நின்றாள்.

"குடிக்கேல்லையெண்டால் எனக்கு என்ன?"

அவள் குனிந்து வாளிக் கயிற்றைச் சுருட்டினாள்.

"விசரோ?"

மார்க்கண்டு சிரிப்பதுபோல் வாயைக் கோணினான். "கலியாணம் கட்டின நாள் துவக்கம், மழைக்கை நிண்டாலும் விசரே எண்டு கேப்பாய், வாழைக்குலையை மலிவாய்க் குடுத்தாலும் விசரே எண்டு கேப்பாய். இண்டைக்கு அந்தச் சொல்லு வாயிலை வரேல்லை, என்ன?"

அவள் அவன் காலடியில் இருந்து அழுதாள். எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டை நினைத்ததையும், விதானையார் சொன்னதையும், டொக்டர் சொன்னதையும், போத்தலையும். அவன் கோபிக்கவில்லை. குணலட்சுமி வீட்டுக்குள் பாய் இழைத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் பார்த்தபடி, "ஆவணிக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த கிழமை சார்ஜன் செபநாயகம் தானாகவே படலையில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"அம்மா, நான் குடிகாரரை நிறையக் கண்டனான். உது குடிவெறி முறியிற முறையில்லை. என்ரை மாமா ஒருத்தரும் தண்ணியைக் கண்டு உப்பிடித்தான் கத்தினவர். உங்கடை மனுசனுக்கு இன்னொருக்கா உது வந்தால் நான் நீதவானிட்டை நேரை சொல்லி டொக்டரைக் காட்டப்போறன். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். யாரோ வெளியிலிருந்து கதவைத் திறப்பதுபோல் சிவக்கொழுந்துக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. மறுகணம் ஆவணி நினைவுக்கு வந்து மூச்சு நின்றது. அன்று சோறு போடும்போது அதைப் புருஷனிடம் சொன்னாள். இனி அவனிடம் ஒன்றையும் ஒளிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

"வாயை மணந்து பாத்தவரோ?" என்று கேட்டான் மார்க்கண்டு.

"ஓம். போனமுறை பாத்தவர்."

அவன் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டான்.

ஆடி முடியும் காலத்தில், கலியாணப் பந்தல்கால் நடுவதற்கு முந்திய கிழமை, அவன் விடிய எழும்பிக் கிணற்றை எட்டிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். தோட்டத்துக்குப் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

மத்தியானம் சந்தியில் அவனைப் பிடித்தார்கள். சனத்தைத் தண்ணீர்ப்பந்தலுக்குக் கிட்டப் போகவிடாமல் மறித்து அடித்துக்கொண்டு நின்றானாம். சார்ஜன் ஓடிவந்து அவனைத் தூக்கி நிமிர்த்தினார். கிட்ட முகத்தைக் கொண்டுபோனவர் அப்படியே விட்டுவிட்டார். வேட்டி, சால்வை, வாய் எல்லாம் கள் நாறியது.

சிவக்கொழுந்து ஓடிப்போனபோது சார்ஜன் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இருந்தது, ஏமாந்த கோபமும் இருந்தது. "நான்தான் மடையன், அம்மா. உங்கடை மனுசனுக்காக நீதவானோடை கதைக்கக்கூட யோசிச்சிருந்தனான்."

கோட்டுக்குப் போகும்போது அவள் ஒரு முடிவோடு போனாள். கலியாணப் பந்தல் எரிந்தாலும் எரியட்டும், கப்பல் போனாலும் போகட்டும், அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவது என்று. விதானையார் வந்திருந்தார். ஆழ்வாப்பிள்ளையும், சம்பந்தி முறைக்கு, பின்வரிசை வாங்கில் வந்து குந்தியிருந்தார். இங்கிலீசில் நீதவான் கேட்டதைக் கோட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் தமிழில் கேட்டார். சிவக்கொழுந்து எழும்பி, "ஐயா, அவருக்கு..." என்று தொடங்கினாள்.

"குடிச்சனான்" என்றான் குற்றவாளிக் கூட்டில் நின்ற மார்க்கண்டு. அன்று அவன் தெளிவாக இருந்தான். புராணம் வாசித்த அதே குரலில், கோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "ஓம் ஐயா, என்ரை புத்தியோடைதான் குடிச்சனான். தவறணைக்காரனைக் கேளுங்கோ. மனுசியை இருக்கச் சொல்லுங்கோ, அவ பயத்திலை கண்டதையும் அலம்புவா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் அவளைப் பார்த்தான். இரு என்று கண்ணால் சொன்னான். அவள் இருந்தாள்.

மூன்றாம் முறை என்றபடியால் தண்டமில்லை, மறியல். சிறையில் குடிகாரனுக்கு டொக்டர் எதற்கு? ஆவணியில் கலியாணம் நடந்தது. தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தார். "குடி எண்டாலும் மனுசன் மகளின்ரை கலியாணத்துக்கு உள்ளுக்கை கிடக்கிறான், பாவம்" என்று ஆழ்வாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சொன்னார். சிவக்கொழுந்து அவருக்கு இன்னொரு அகப்பை பாயாசம் வார்த்தாள்.

புரட்டாதியில், குணலட்சுமியும் மாப்பிள்ளையும் கப்பலுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நாளில், சார்ஜன் வந்து படலையில் நின்றார். சைக்கிளை விட்டு இறங்கியவர் உள்ளே வரவில்லை. மார்க்கண்டு மறியலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்து காய்ச்சலில் போய்விட்டானாம். வெறி முறியுமென்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு சொட்டுக் கள்ளுக்கும் வழியில்லாத இடத்தில் என்ன வெறி என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. சார்ஜன் யோசித்திருக்கவேண்டும். முகம் அப்படி இருந்தது.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், மறையாமல் சொல்லுங்கோ" என்றார். உரத்த குரல் அன்று மிகவும் தணிந்திருந்தது. "முதல் நாள் இதே இடத்திலை நிண்டு வெறி எண்டு சொன்னியள். எந்த வெறி?"

சிவக்கொழுந்து திரும்பி வீட்டைப் பார்த்தாள். விறாந்தையில் மருமகன் குனிந்து பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். குணலட்சுமி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, என்னவாம் என்று கேட்பதுபோல் தாயைப் பார்த்தாள்.

"நீங்கள் எழுதினியளே, ஐயா" என்றாள் சிவக்கொழுந்து. "அந்த வெறிதான்."