கிட்டாருக்கு ஒரு லைனிங்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு நாற்பத்தாறு வயதில் எலக்ட்ரிக் கிட்டார் எதற்கு என்று அந்தத் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. "ஹாரன் அடிச்சு அடிச்சு அலுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு வேன் அக்கா போய்க்கொண்டே இருப்பாள். காலையில் குழந்தைகளை இறக்கிவிட்டால், சாயங்கால மணி அடிக்கும் வரை பள்ளி வாசலிலேயே காத்துக் கிடக்க வேண்டிய வேலை. மற்ற ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டார்கள். இவள் பின்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, போனில் பாடம் பார்த்து, எதிலும் செருகாத கிட்டாரில் டிணுக் டிணுக்கென்று பழகினாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிற்று. பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை அவள்.

விரலுக்குப் பாட்டு வசப்பட்ட பிறகுதான் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வந்தாள். தையல்காரக் கணவர் மிஷினை விட்டு எழுந்து வந்தார். கீழ்வீட்டில் குடியிருந்த நாத்தனார் சாப்பிட்ட கையோடு ஏறி வந்தாள். வேன் அக்கா வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

"உர்ர்ர்ர்ர்..."

தேன்கூட்டில் கல் விழுந்தது போல வீடே இரைந்தது. அவள் இன்னும் கம்பியைத் தொடக்கூட இல்லை.

"பாட்டு ஆரம்பிச்சிடுச்சா?" என்றார் கணவர்.

"இது பாட்டில்லீங்க. இது என்னன்னே தெரியல."

ட்யூப்லைட்டை அணைத்தார்கள், கொஞ்சம் குறைந்தது. தையல் மிஷின் மோட்டாரை நிறுத்தினார்கள், இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் இறங்குவேனா என்று அடம் பிடித்தது. கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கிட்டாருக்கு உறைக்கவே இல்லை. தற்செயலாக, வயர் செருகும் இடத்தில் இருந்த உலோக வளையத்தில் விரல் பட்டது. சட்டென்று அடங்கியது. விரலை எடுத்தாள், உர்ர். வைத்தாள், நிசப்தம்.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று குதித்தாள். ஆனால் ஒரு கை வளையத்தில் இருந்தால் வாசிப்பது யார்? கணவர் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கையால் வளையத்தைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் மனைவியின் முழங்கையைப் பிடித்தார். கிட்டார் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டது.

ஓட்டுநர் சங்க ஆண்டுவிழாவில் வாசிப்பதாக அவள் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள்.

"என்னங்க..." என்று இழுத்தாள்.

"புரியுது, புரியுது. நான் வரேன்" என்றார் அவர்.

விழா மேடையில் வேன் அக்கா நின்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டு, இஸ்திரி கலையாத சட்டையில் கணவர். இடது கை கிட்டாரின் வளையத்தில், வலது கை மனைவியின் முழங்கையில். கூட்டத்தில் எவருக்கும் விஷயம் தெரியாது. முதல் வரிசையில் ஓர் அம்மாள் தன் கணவரை இடித்தாள்: "பாத்தீங்களா? பொண்டாட்டி வாசிக்கிறான்னு எவ்ளோ ஆசையா புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு! நீங்களும் இருக்கீங்களே!"

பாட்டு பாதிவரை வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்போது தையல்காரருக்கு மூக்கில் நமநமவென்றது. இரண்டு கையும் மாட்டிக்கொண்ட மனிதர் மூக்கைச் சுளித்துப் பார்த்தார், உதட்டைக் கோணிப் பார்த்தார், கண்ணை உருட்டிப் பார்த்தார். "ஹா... ஹா... ஹச்!" இரண்டு கையும் விட்டுப்போயிற்று. ஸ்பீக்கர் உர்ர்ரென்று உறுமியது. பதறிப்போய் வளையத்தையும் முழங்கையையும் மறுபடி பிடித்தார். அடங்கியது.

"அவர் தொட்டா அடங்குதுடோய்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்த, சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. "விடுங்க சார்! புடிங்க! இன்னொரு வாட்டி விடுங்க!" அவரும் வெட்கத்தை உதறிவிட்டு, கையை எடுத்து எடுத்துப் பிடித்தார். உர்ர். நிசப்தம். உர்ர். வேன் அக்காவுக்குச் சிரிப்பு முட்டி, கண்ணில் நீர் வழிந்து, பாட்டு எந்த இடத்தில் நின்றது என்பதே மறந்துவிட்டது. ஆனாலும் எங்கேயோ பிடித்து எப்படியோ முடித்தாள். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து கிட்டாரைச் சுவரில் சாத்தியவள் சொன்னாள்: "கைதட்டுனது என் பாட்டுக்கு இல்ல. உங்க தும்மலுக்கு."

"அதுவும் ஒரு கலைதானே?"

"தும்மலுக்குத் தனியா கச்சேரி வச்சுக்கோங்க. இத நான் சரி பண்ணியே ஆகணும்."

நாத்தனாருக்குக் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் வேலை. கொண்டைக்கடலை அளவுக் கருவிக்குள் மயிரிழை வயரைப் பற்றவைக்கிற கை. ஞாயிற்றுக்கிழமை சால்டரிங் அயர்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முதலில் சுவர்ப் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்தாள். இருந்தது. பிறகு வயரைப் பிடுங்கிவிட்டு, கிட்டாரைத் தையல் மேஜையில் மல்லாத்தித் திருகுகளைக் கழற்றினாள்.

"அண்ணி, இங்க பாருங்க. கம்பியெல்லாம் உக்காந்திருக்கிற இரும்புக்கு அடியில வர வேண்டிய எர்த் வயரு அறுந்து கிடக்கு. அதான் நீங்க கம்பியத் தொட்டும் அடங்கல. அண்ணன் அந்த வளையத்தையும் தொட்டு உங்களையும் தொட்டதால அடங்குச்சு."

"அப்போ மேடையில நான் வெறும் வயரா?" என்றார் கணவர்.

"ஆமாண்ணா. நல்ல கனமான வயரு."

அறுந்ததைப் பற்றவைத்தாள். கம்பியைத் தொட்டால் இப்போது அடங்கியது. ஆனால் கையை எடுத்தால் மறுபடி முணுமுணுப்பு. நாத்தனார் கிட்டாரின் குழியைக் காட்டினாள். "உள்ள வெறும் மரம். லைட்டு, மோட்டாரு எல்லாத்தோட இரைச்சலும் நேரா உள்ள பூந்துடுது. குழி முழுக்க உலோகத்தால மூடி, அத எர்த்தோட சேத்துட்டா, குடையில விழுந்த மழை மாதிரி வெளியவே வழிஞ்சு போயிடும்."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினார். "லைனிங்தானே? இத எங்கிட்ட விடுங்க."

கோட்டுக்கு அளவெடுப்பது போலக் குழிக்கு அளவெடுத்தார். செய்தித்தாளில் மாதிரி வெட்டினார். சாப்பாடு மடிக்கிற அலுமினியத் தாளை அதன்மேல் போட்டு, ஓரத்தில் மடிப்புக்கும் இடம் விட்டுக் கத்தரித்தார். பசை பட்ட இடத்தில் மின்சாரம் தாண்டாது என்று தங்கை எச்சரித்ததால், துண்டுகள் சேரும் இடங்களில் பசை தடவாமல் ஒன்றுக்குள் ஒன்றை மடித்து நகத்தால் நீவினார். மூடியின் உள்பக்கத்துக்கும் ஒட்டினார். அலுமினியத்தில் ஈயம் பிடிக்காது என்பதால், எர்த் வயரின் முனையை ஒரு சின்னத் திருகுக்கு அடியில் கொடுத்து, தாளோடு சேர்த்து முறுக்கினாள் நாத்தனார்.

மூடினார்கள். செருகினார்கள். சுவிட்சைப் போட்டார்கள்.

சத்தமே இல்லை. ட்யூப்லைட்டைப் போட்டார்கள், இல்லை. மோட்டாரை ஓட்டினார்கள், இல்லவே இல்லை!

தையல்காரர் தங்கையின் கையைப் பிடித்து மிஷினைச் சுற்றி ஆடினார். வேன் அக்கா வெற்றிக் களிப்பில் கையை ஓங்கிக் கம்பிகளில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

அதற்கும் சத்தமே இல்லை.

"எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையாயிடுச்சே!" என்று தலையில் கைவைத்தாள். மறுபடி திருகுகளைக் கழற்றினார்கள். குற்றவாளி அகப்பட்டார். தாராள மனசுக்காரத் தையல்காரர் லைனிங்கை வயர் செருகும் இடம் வரை நீட்டிவிட்டிருந்தார். செருகிய வயரின் முனையில் பாட்டைக் கொண்டுபோகிற உலோக முள் அந்தத் தாளில் இடித்து, இரைச்சலோடு பாட்டும் சேர்ந்து எர்த்துக்குப் போய்விட்டது.

"ரெண்டு விரக்கடை கூடுதலா விட்டுட்டேன்" என்று அசடு வழிந்தார். "எந்தத் துணியிலும் நான் இப்படிப் பண்ணதில்ல."

"கஸ்டமருக்கு உடம்பு சைஸ் கம்மிண்ணா" என்று சமாதானம் சொன்னாள் தங்கை. நீண்டதைக் கத்தரித்து, மிச்ச ஓரத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, முள்ளுக்கும் தாளுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டார்கள்.

இந்த முறை ஒருவரும் ஆடவில்லை. வேன் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கம்பியை மீட்டினாள். கழுவித் துடைத்த கண்ணாடி போல அந்த நாதம் எழும்பி, மெல்லத் தேய்ந்து, காணாமல் போயிற்று. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. தையல் மிஷின் பக்கம் நேராகத் திரும்பினால் மட்டும் கொசு அளவுக்கு ஒரு முனகல். கொஞ்சம் ஒருக்களித்தால் அதுவும் இல்லை. இன்னொரு தடவை மீட்டிவிட்டு அசையாமல் நின்றாள்.

"ஏன், வாசிக்காம சும்மா நிக்கிற?" என்றார் கணவர்.

"அந்தச் சும்மாவத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பிறகு அவள் வாசிக்க ஆரம்பித்தாள். நாத்தனார் தகர டப்பாவைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். தையல்காரர் இரண்டு கையும் சும்மா இருப்பது தாங்காமல் கத்தரிக்கோலை ஜலக் ஜலக்கென்று திறந்து மூடினார். கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேல்மாடி வீட்டுக்காரர், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றவர், வேன் அக்காவின் விரல்களைப் பார்த்தார். கால் தானாகத் தாளம் போட்டது. "சரி, முதல்லேர்ந்து வாசிங்க. படிக்கட்டுல வரும்போது பாதி விட்டுப்போச்சு" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.