காதுகுத்தில் காலியாக இருந்த மடி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு செல்லூரில் தறிக்குப் போய்விட்டவன் நான். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் அண்ணனை மட்டும் நான் பொறுத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்களுக்குப் பிறந்தது இரட்டை ஆண் குழந்தைகள். ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே ஒருவனுக்கு வளர்ச்சி குறைவு என்றார்கள். எட்டாம் மாதம் ஆபரேஷன் செய்து இருவரையும் எடுத்தார்கள். பெரியவன் தேறிவிட்டான். சின்னவன் என் முழங்கை நீளம்கூட இல்லை. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்துவிட்டுப் போய்விட்டான்.

புதைத்துவிட்டுத் திரும்பும்போது மச்சான் என் தோளில் கை போட்டார்.

"என்ன மாப்ள, மூத்தவன் வயித்துக்குள்ளயே தம்பி பங்கையும் சேத்துத் தின்னுபுட்டானே! அம்புட்டுப் பசியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

பிரசவத்தன்றே டாக்டரம்மா நஞ்சுக்கொடியைத் தட்டில் வைத்து எனக்குக் காட்டியிருந்தார். இருவருக்கும் ஒரே நஞ்சு. பெரியவனின் தொப்புள்கொடி அதன் நடுவில் பிடித்திருந்தது. சின்னவனுடையது ஓரத்தில், நூல் போன்ற குழாய்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் ரத்தம் சரியாப் போகலப்பா. யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

இதை மச்சானிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். "டாக்டரு பேசுறாருப்பா, எல்லாரும் கேளுங்க!" என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அதன்பிறகு எந்த விசேஷத்திலும் என் மகனுக்கு 'தம்பி தின்னி' என்றே பேர்.

மூன்று வயதில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது வழக்கம். மச்சான் மேளத்தோடு சீர்த்தட்டு கொண்டுவந்து, கோயிலில் சம்மணம் போட்டுத் தொடையைத் தட்டினார்.

"வாடா, தம்பி தின்னி!"

நான் மகனைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"மாப்ள, என்ன இது? ஊரே பாக்குது!"

"பாக்கட்டும் மச்சான். எம் மகன் யாரையும் திங்கல."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் பிள்ளையின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆசாரியிடம், "நீங்க குத்துங்கண்ணே" என்றாள்.

இரண்டு காதும் குத்தி முடியும்வரை மச்சான் எழுந்திருக்கவும் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆசாரி இன்னும் கொஞ்சம் நேரமெடுத்துக் குத்தியிருக்கலாம்.

நேற்று மச்சான் சமாதானம் பேச ஆள் அனுப்பியிருக்கிறார். வாயால் பதில் சொல்ல எனக்கு வராது. வந்த ஆளிடமே இந்தத் தாளைக் கொடுத்து அனுப்பப் போகிறேன்.

ஆவணி 12.